தீபாவளிக் காலையில் அழிந்த உலகம்

என் மனைவி கதாநாயகியாக நடித்த படத்தில் உலகம் அழிகிறது. இதை முதலிலேயே சொல்லிவிட்டால், நான் இனி எழுதப்போவதை எவ்வளவு தூரம் நம்பலாம் என்று படிப்பவர்கள் அவரவர் முடிவு செய்துகொள்ளலாம். படத்தின் நிறைகுறைகளை மேடையில் எடுத்துச் சொல்ல என்னைத்தான் அழைத்திருந்தார்கள். சமூக மன்றத்து அறை ஒன்றில் மாதாமாதம் கூடும் திரைப்பட வட்டத்தை நான் பல வருடமாக நடத்தி வருகிறேன். பார்த்த படத்தை அக்கக்காகக் கழற்றிப் போடுவதில் எனக்கு இங்கே கொஞ்சம் பேர் உண்டு. "இவர்கிட்ட மாட்டினா நார் நாரா கிழிச்சிடுவார் லா" என்று என் முகத்துக்கு நேரேயே சொல்வார்கள். நானும் அதைப் பாராட்டாக எடுத்துக்கொண்டு தலையாட்டுவேன்.

படம் எடுத்தவர் பகலில் இன்ஷூரன்ஸ் விற்பவர். மனிதனுக்கு என்னென்ன கேடு வரலாம் என்று நாள் முழுக்கப் பேசியே பழகியவர் என்பதால் உலகம் அழிவதும் அவருக்குப் புதிதாக இருந்திருக்காது. செம்பவாங்கில் என் மனைவி ஆசிரியையாக இருக்கும் பாலர் பள்ளியில்தான் அவருடைய தங்கையும் வேலை செய்கிறாள். அங்கே ஆண்டு விழாவுக்கு வந்தவர், என் மனைவி பிள்ளைகளோடு சேர்ந்து கிழட்டுக் கரடியாக ஆடியதைப் பார்த்துவிட்டு, "அக்கா, நம்ம படத்துக்கு ஹீரோயின் நீங்கதான்" என்று சொல்லிவிட்டார். கரடியைப் பார்த்துக் கதாநாயகியைக் கண்டுபிடித்த மனிதரை என்னவென்று சொல்வது? நான் வேடிக்கை என்று நினைத்துச் சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை.

படம் முடிந்து, திரையிடலுக்கு முந்தைய வாரம், உட்லண்ட்ஸில் எங்கள் வீட்டுச் சமையலறையில் நின்றுகொண்டு அவள் ஒரு செய்தி சொன்னாள். படத்தின் முன்னோட்டத்தைப் பார்த்த வேறொரு குழு அவளைத் தங்கள் அடுத்த படத்துக்குக் கேட்கிறதாம். பாலத்துக்கு அந்தப் பக்கம், மலேசியாவில், ஜொகூரில் படப்பிடிப்பு. பள்ளி விடுமுறை முழுவதும் அங்கே போய்வர வேண்டியிருக்கும்.

"நீ என்ன சொன்ன?"

"இன்னும் ஒண்ணும் சொல்லல. படத்த நீங்க பாருங்க. நடிப்பு நல்லாயில்லன்னா நல்லாயில்லன்னே சொல்லிடுங்க, இதோட விட்டுர்றேன். எனக்காகப் பொய் மட்டும் சொல்லாதீங்க."

இப்படிக் கேட்டால் ஒரு மனிதனுக்கு என்ன தோன்ற வேண்டும்? பெருமையாக இருக்க வேண்டும். எனக்கு, கையில் ஒரு சுவிட்சைக் கொடுத்துவிட்டது போல இருந்தது. அதை அணைக்கலாம் என்பதுதான் எனக்கு முதலில் தோன்றியது.

அதற்குக் காரணம் இருந்தது. அந்தப் படத்தில் அவளுக்குக் கணவனாக நடித்தவர் துவாஸில் ஒரு தொழிற்சாலையில் பாதுகாப்பு அதிகாரி. ஆறடிக்கு மேல் உயரம். தாடியை அவர் வைத்திருக்கிற விதத்தைப் பார்த்தால் தினமும் அதற்கென்று நேரம் ஒதுக்குகிறார் என்று தெரியும். ஒருமுறை வசனம் பார்க்க எங்கள் வீட்டுக்கு வந்தபோது, கதவு நிலையில் தலை இடிக்காமல் இருக்கக் குனிந்துதான் உள்ளே வந்தார். அந்தக் கதவில் நான் இத்தனை வருடமாக நிமிர்ந்துதான் நுழைகிறேன். "அண்ணே, ஒங்க ரிவ்யூவெல்லாம் நான் ஃபாலோ பண்ணுவேன்" என்றார். நல்ல மனிதர். அதுதான் கூடுதல் எரிச்சல்.

இன்னொரு காரணம் தீபாவளி. எங்கள் வீட்டில் தீபாவளியன்று பொழுது விடிவதற்கு முன் என் தலையில் அவள்தான் எண்ணெய் வைப்பாள். போன தீபாவளிக்கு நான் எழுந்தபோது அவள் வீட்டில் இல்லை. ஷூட்டிங் இருக்கிறது, "சும்மா தெருவுல நடக்கிற சீன்தான், ஒம்போது மணிக்கெல்லாம் வந்துடுவேன்" என்று முதல் நாளே சொல்லியிருந்தாள். நானே எனக்கு எண்ணெய் வைத்துக்கொண்டேன். தன் தலையில் தானே எண்ணெய் வைத்துக்கொள்ளும் மனிதனைப் பார்க்கச் சகிக்காது. நான் குளியலறைக் கண்ணாடியில் பார்த்தேன். அவள் ஒன்பதுக்கு மேல் முழங்கையெல்லாம் புழுதியோடு வந்து, நேராகக் குளிக்கப் போனாள். நான் எதுவும் கேட்கவில்லை, மத்தியானம் வரை பேசவும் இல்லை. என் அக்கா குடும்பம் சாப்பிட வந்த பிறகுதான் வாயைத் திறந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பிற்பகல், லிட்டில் இந்தியாவில் ஒரு சிறிய அரங்கில் படத்தைப் போட்டார்கள். நான் மனைவிக்குப் பக்கத்தில் உட்கார்ந்தேன். அவளுக்கு அந்தப் பக்கம் அந்த உயரமானவர் உட்கார்ந்தார்.

கதை இதுதான். ஜூன் மாதப் பள்ளி விடுமுறையில் ஒரு காலை, சூரியனிலிருந்து ஏதோ ஒரு வெப்ப அலை வீசுகிறது. வெளியில் நின்றவர்கள் எல்லோரும் மறைந்துபோகிறார்கள். எம்ஆர்டி ரயிலில், நிலத்துக்கு அடியில் இருந்தவர்கள் மட்டும் பிழைக்கிறார்கள். மறைந்துபோவது என்பது எவ்வளவு சிக்கனமான அழிவு என்று பாருங்கள். பிணம் வேண்டாம், ரத்தம் வேண்டாம், துணை நடிகர்களுக்குச் சாப்பாட்டுப் பொட்டலம் வேண்டாம். பிறகு கடல் மெல்ல மெல்ல ஏறுகிறது. ஒரு கணவனும் மனைவியும் லிட்டில் இந்தியா நிலையத்திலிருந்து வெளியே வந்து, வடக்கே மேட்டு நிலத்தைத் தேடி நடக்கிறார்கள்.

நான் மகிழ்ச்சியாகவே பார்க்கத் தொடங்கினேன், ஏனென்றால் குறைகள் வரிசை கட்டிக்கொண்டு வந்தன. மரினா பேயில் எழுந்த பேரலை, கட்டடங்களை விழுங்கிவிட்டு, முன்னால் நின்ற ஒரு படகை மட்டும் ஆட்டாமல் அசைக்காமல் விட்டுவிட்டது. கதாநாயகன் "யாருமே இல்ல, நாம ரெண்டு பேருதான்" என்று கதறும்போது, அவர் தோளுக்குப் பின்னால் தூரத்தில் ஒரு பேருந்து வந்து நின்றது. இரண்டு பேர் ஒழுங்காகப் பயணக் கார்டைத் தட்டிவிட்டு ஏறினார்கள். உட்லண்ட்ஸ் கடற்கரையில் நின்றுகொண்டு "மலேசியாவும் போச்சு" என்று அவர்கள் அழுதபோது, எதிரே ஜொகூர் முழுக்க விளக்கு எரிந்துகொண்டிருந்தது. எல்லாக் காட்சியிலும் குயில் கூவியது. அதை வெட்டி எடுக்க அவர்களுக்குத் தெரியவில்லை போலும். நான் இருட்டில் இவற்றை எல்லாம் மனதுக்குள் அடுக்கிக்கொண்டே வந்தேன். எனக்கு வயிறு நிறைந்தது போல இருந்தது.

அப்போதுதான் அந்த வானொலிக் காட்சி வந்தது. மூடிய கடை ஒன்றுக்குள் ஒளிந்திருக்கும் இருவரும் ஒரு பழைய வானொலியைத் திருப்பிக்கொண்டே இருக்கிறார்கள். திடீரென்று அரசாங்க அறிவிப்பு வருகிறது. ஆங்கிலத்தில் ஒருமுறை. ஏதோ ஓர் இடத்துக்கு எல்லோரும் வரச் சொல்கிறார்கள், ஆனால் இரைச்சலில் இடத்தின் பெயர் விழவில்லை. பிறகு மாண்டரினில். பிறகு மலாயில், அப்போதும் இரைச்சல். இரைச்சல் அடங்கித் தெளிவாகிறது. அடுத்தது தமிழ். இருவரும் வானொலிக்கு மேல் குனிகிறார்கள். "வணக்கம்" என்று ஒரு பெண் குரல் சொல்கிறது. வானொலி செத்துப்போகிறது.

அரங்கம் குபீரென்று சிரித்தது. அதே வேகத்தில் அடங்கியும் போனது. வாழ்நாள் முழுவதும் நான்கு மொழி அறிவிப்பில் தமிழை நான்காவதாகக் கேட்டு வளர்ந்தவர்கள்தான் அத்தனை பேரும். இது எனக்கு ஏன் தோன்றவில்லை? எத்தனை படம் பார்த்திருக்கிறேன், எத்தனை படத்தில் இதை இப்படி எடுத்திருக்கலாம் என்று சொல்லியிருக்கிறேன்! நான் ஒரு குறும்படம் எடுக்கப் போவதாகச் சொல்லிக்கொண்டிருந்த காலத்தில் இந்த இன்ஷூரன்ஸ்காரர் உயர்நிலைப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்திருப்பார். பணம் இல்லாததால் கூட்டமும் வெடியும் காட்ட முடியாமல், முகங்களையும் ஒரு வானொலிப் பெட்டியையும் வைத்தே அவர் உலகத்தை முடித்துக்காட்டிவிட்டார். பொறாமையில் என் காது மடல் சுட்டது.

அதற்கு மேல் வந்ததுதான் கேம்பல் லேன் கடைத்தெருக் காட்சி. வடக்கிலும் வழியில்லாமல் இருவரும் லிட்டில் இந்தியாவுக்கே திரும்பி வர, கணவன் அங்கே இறக்கிறான். தெரு முழுக்க அட்டைப்பெட்டிகள், கிழிந்த பிளாஸ்டிக், உடைந்த ஹேங்கர்கள், காற்றில் உருளும் காலி பாட்டில்கள். ஒரு மனிதர் கிடையாது. நகரம் உண்மையாகவே செத்துக் கிடந்தது. இப்படி ஒரு தெருவை இவர்கள் எங்கே பிடித்தார்கள் என்று நான் திகைத்தேன். அந்தத் தெருவில் எந்த நேரத்தில் போனாலும் தோள் இடிக்காமல் நடந்ததில்லை.

பிறகு, தெரு முனைக்கு அப்பால், திரையின் மேல் ஓரத்தில், ஒரு மயிலின் தோகை தெரிந்தது. சிராங்கூன் சாலைக்குக் குறுக்கே கட்டும் தீபாவளி அலங்கார வளைவு. ஜூன் மாதத்தில் அழிந்த உலகத்தில் தீபாவளி வளைவு! சபாஷ் என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். அப்போது என் மனைவி திரையில் தன் இரண்டு கைகளையும் நீட்டினாள். அதுவரை படம் முழுக்கச் சுத்தமாக இருந்த கைகளில், மணிக்கட்டு வரை, சிவக்கச் சிவக்க மருதாணி. நாள்கணக்காகக் குடிக்கத் தண்ணீர் இல்லாமல் அலைகிறவள் கையில் கொடி கொடியாகப் புது மருதாணி. தீபாவளிக்கு முதல் நாள் அதை அவளுக்கு வைத்துவிட்டவர் எங்கள் பக்கத்து வீட்டு அம்மா என்பது எனக்குத் தெரியும். அவளுக்கு வலது கையால் எதையும் தொட முடியாமல் இருந்தபோது இரவுச் சாப்பாட்டை ஊட்டிவிட்டவன் நான்.

எனக்கு அப்போதுதான் உறைத்தது. முதல் நாள் இரவெல்லாம் நடக்கும் கடைசி நேர வியாபாரம் முடிந்து, கடைக்காரர்கள் எல்லோரும் எண்ணெய்க் குளியலுக்கு வீட்டுக்கு ஓடிவிட்ட பிறகு, குப்பை அள்ளுபவர்கள் வருவதற்கு முன்னால், அந்தத் தெரு வருடத்தில் ஒரே ஒரு காலைதான் அப்படிக் கிடக்கும். நான் கண்ணாடி முன் நின்று என் தலையில் நானே எண்ணெய் வைத்துக்கொண்டிருந்த அதே காலை அது. சும்மா தெருவில் நடக்கிற சீன் என்றாளே, அது இதுதான்.

அவள் அந்த உயரமான மனிதரின் தலையை மடியில் வைத்திருந்தாள். முதலில் அழவில்லை. அவர் சட்டையில் ஒரு பொத்தான் கழன்றிருந்தது. அதைப் பொறுமையாக, யாரோ கிளம்பப்போகிறவருக்குச் செய்வது போல, போட்டுவிட்டாள். காலரைச் சரி செய்தாள். அதற்குப் பிறகுதான் மருதாணிக் கைகளால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அது அழுகை என்று சொல்லக்கூடியதாகவே இல்லை. மூச்சு எங்கோ மாட்டிக்கொண்டு, பிய்த்துக்கொண்டு வந்தது. கேமரா அசையவில்லை. எனக்கு முன்வரிசையில் ஒரு பெண் கைப்பையைத் துழாவி டிஷ்யூ எடுத்தார்.

எங்களுக்குக் கல்யாணமாகி இத்தனை வருடத்தில் அவள் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. நான் ஆஸ்பத்திரியில் கிடந்தபோதுகூட, நர்ஸிடம் சண்டை போட்டாளே தவிர அழவில்லை. என் சட்டைப் பொத்தான்களை நானே போட்டுக்கொள்கிறேன். நல்ல நாளும் அதுவுமாக, விடிந்தும் விடியாத நேரத்தில், எவனோ ஒருவனை மடியில் போட்டுக்கொண்டு இப்படி அழுதுவிட்டு வந்து, எதுவும் நடக்காதது போல எனக்குக் கேசரி வைத்தாளே என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. யாரை நினைத்து இந்த அழுகை? இருட்டில் திரும்பிப் பார்த்தேன். அவள் திரையைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நான் சட்டென்று முன்னால் திரும்பிக்கொண்டேன்.

படம் முடிந்ததும் மைக்கைக் கொடுத்தார்கள். நான் வெளுத்து வாங்கினேன் என்றுதான் சொல்ல வேண்டும். ஆடாத படகு, கார்டைத் தட்டும் பயணிகள், ஜொகூர் விளக்குகள் என்று ஒவ்வொன்றாக எடுத்து விட்டேன். "உலகமே அழிஞ்சாலும் ஜொகூர்ல மால் தொறந்திருக்கும்னு டைரக்டர் நமக்கு நம்பிக்கை குடுக்குறார்" என்றேன். கூட்டம் விழுந்து விழுந்து சிரித்தது. இயக்குநரும் தலையில் கை வைத்துக்கொண்டு சிரித்தார். ஜூன் மாத மயிலையும் விடவில்லை. "கடைசி மனுஷிக்கு மருதாணி வெச்சுவிட்ட ஆள் எங்க ஒளிஞ்சிருக்காங்கன்னு கண்டுபிடிச்சா மனித குலத்தைக் காப்பாத்திடலாம்" என்றேன். அதற்குக் கைத்தட்டலே கிடைத்தது. நிறை என்று வானொலிக் காட்சியைப் பற்றி மட்டும் இரண்டு வாக்கியம் சொன்னேன்.

டிஷ்யூ எடுத்த அந்தப் பெண் கையைத் தூக்கினார். "எல்லாம் சொன்னீங்க சார். அந்த அம்மா நடிப்பு பத்தி ஒண்ணுமே சொல்லலையே?"

அரங்கம் என்னைப் பார்த்தது. கேட்டவருக்கு அவள் என் மனைவி என்று தெரியாது. இரண்டாவது வரிசையில் அவள் கையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். ஒரே ஒரு வார்த்தைதான். அதைச் சொன்னால் அவள் ஜொகூர் போவாள், இன்னொருவன் பொத்தானைப் போடுவாள், அடுத்த தீபாவளிக்கும் நான் கண்ணாடி முன் நிற்பேன்.

"அதான் மருதாணி பத்தி சொன்னேனே" என்றேன்.

எல்லோரும் சிரித்தார்கள். அவளும் சிரித்தாள், மற்றவர்களைவிடக் கொஞ்சம் சீக்கிரமாக நிறுத்திவிட்டாள். இயக்குநர் நன்றி சொல்ல வந்தார்.

வெளியே வந்தபோது ஞாயிற்றுக்கிழமைக் கூட்டம் சாலையை அடைத்துக்கொண்டு நின்றது. இருவரும் தேக்கா உணவங்காடி வரை நடந்தோம். மேசை கிடைக்க நேரமாயிற்று. அவளுக்குத் தோசையும் எனக்குப் பரோட்டாவும் வாங்கி வந்து வைத்தேன். அவள் எதுவும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் ஏதாவது மழுப்பியிருப்பேன். கேட்காமல் சட்னியைத் தொட்டுச் சாப்பிட்டுக்கொண்டிருந்தது என்னால் தாங்க முடியவில்லை.

"யாரை நெனச்சு அப்படி அழுத?" என்று கேட்டேன். என் குரல் எனக்கே பிடிக்கவில்லை.

அவள் நிமிர்ந்தாள். "எப்ப?"

"தீபாவளி அன்னிக்கு. சும்மா நடக்கிற சீன்னு சொல்லிட்டுப் போனியே, அன்னிக்கு."

"பொணத்த மடியில வெச்சு அழற சீன்னு நல்ல நாளும் அதுவுமா சொன்னா விட்டிருப்பீங்களா?" என்றாள். பிறகு கொஞ்சம் யோசித்தாள். மறைப்பதற்காக யோசிப்பது போல இல்லை, உண்மையாகவே ஞாபகப்படுத்திக்கொள்வது போலத்தான் இருந்தது. "யாரையும் நெனக்கலங்க. பொத்தான் போட்டுக்கிட்டு இருந்தேனா, அப்பத் தெரு முனையில குப்ப லாரி ரிவர்ஸ் எடுக்கிற சத்தம் கேட்டுச்சு. பீப் பீப்னு. அவங்க வந்து அள்ளிட்டா முடிஞ்சுது, இன்னொரு டேக் கெடையாது. அடுத்த தீபாவளி வரைக்கும் அந்தத் தெரு அப்படிக் கெடைக்காது. எனக்கோ அழுகையே வரல. கெடுத்துட்டேன், நல்லாப் பண்ணணும்னு எவ்ளோ ஆசப்பட்டேன், கெடுத்துட்டேன்னு நெனச்சேன். அவ்வளவுதான், வந்துடுச்சு."

அந்த உயரமான மனிதர் மேல் இருந்த பொறாமை அந்த இடத்திலேயே போய்விட்டது. போனதும் எனக்கு நிம்மதி வந்திருக்க வேண்டும், வரவில்லை. ஒரு காட்சி கெட்டுவிடுமே என்று மூச்சு மாட்டிக்கொள்ளும் அளவுக்கு நான் எதற்காகவாவது ஆசைப்பட்டிருக்கிறேனா? நான் எடுக்கப்போவதாகச் சொன்ன குறும்படத்துக்கு ஒளிப்பதிவாளர் கிடைக்கவில்லை என்றேன், பிறகு நேரம் கிடைக்கவில்லை என்றேன், பிறகு யாரும் என்னைக் கேட்பதை நிறுத்திவிட்டார்கள். ஒரு நாள்கூட அதற்காக அழவில்லை. எதிரே உட்கார்ந்து தோசை தின்கிறவள் மேல் வந்தது போன்ற பொறாமை எந்த ஆண்பிள்ளை மேலும் எனக்கு வந்ததில்லை. நுரை பொங்க ஆற்றிய தே தாரிக் டீயை எடுத்துக் குடித்தேன், அது நாக்கைச் சுட்டது.

"நல்லா நடிச்சிருக்க" என்றேன். "ரொம்ப நல்லா. படத்துல உருப்படியான விஷயமே அதுதான்."

"தெரியும்ங்க" என்றாள்.

"தெரிஞ்சுதான் என்னைக் கேட்டியா?"

"ஒங்க வாயில வருதான்னு பாத்தேன்." தட்டை நகர்த்திவிட்டுக் கையைத் துடைத்துக்கொண்டாள். "ஜொகூர்க்காரங்களுக்கு நேத்தே சரின்னு மெசேஜ் போட்டுட்டேன்."

எனக்குக் கோபம் வந்திருக்கலாம். கேட்காமல் எப்படிச் சொன்னாய் என்று ஆரம்பிக்க எல்லா நியாயமும் இருந்தது. ஆனால் வாயைத் திறந்தபோது வேறொன்று வந்தது, எனக்கே வெட்கமாக இருந்தது.

"அந்தப் படத்துல எனக்கு ஏதாவது வேஷம் இருக்குமா?"

அவள் சிரிக்கவில்லை. என்னை ஏற இறங்கப் பார்த்தாள், என் மனைவியாக இல்லாமல், ஆள் எடுக்க வந்தவளாக.

"பொணமாப் படுக்க ஒரு ஆள் தேடிக்கிட்டு இருக்காங்க. அசையாம, வாய மூடிக்கிட்டுப் படுத்திருக்கணும். நான் பக்கத்துல ஒக்காந்து அழுவேன்."

வர்றேன் என்று சொன்னேன்.